‘கொல்கிஸ் இந்தோரும்’ எந்த ஊர்? பிளையடீஸ் தளம்: ஒரு மதிப்பீடு

அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும் கப்பல் உருவம் கீறிய பானையோடும் கிடைத்ததிலிருந்து, ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி எழுதுகிறவர் யாரும் கிரேக்க, லத்தீன் பெயர்களைத் தொடாமல் போவதில்லை. பள்ளிக் கண்காட்சிப் பலகையில் ‘அர்காரு’ வருகிறது. தலவரலாற்றுச் சிறுநூலில் ‘கோரி’ வருகிறது. தொண்டியைப் பற்றிய முகநூல் பதிவில் ‘திண்டிஸ்’ வருகிறது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதுவதால், பெயர் எந்த நூலில் எந்த வடிவத்தில் இருந்தது என்பது இரண்டாம் கையிலேயே தொலைந்துவிடுகிறது. இவற்றைச் சரிபார்க்கக் காசு கொடுக்காமல் போகக்கூடிய முதல் இடம் பிளையடீஸ் என்ற இணைய இடப்பெயர்க் களஞ்சியம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைவிடப் பொறுப்பாகச் செய்யப்பட்டது இல்லை. ஆனால் நூலில் கண்ட வடிவத்தை அப்படியே தேடல் பெட்டியில் போடுகிறவருக்கு இது பல நேரம் கைவிரிக்கும். லத்தீன் பெயர் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று பார்த்து, தலைச்சொல்லாக, அதாவது அகராதியில் நிற்கும் எழுவாய் வடிவமாக, மாற்றிக்கொண்டு போனால்தான் பயன். இன்னொன்று: வரைபடத்தில் விழும் புள்ளியை ஊர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் கடற்கரைக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

தளத்தை நடத்துபவை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பண்டைய உலக ஆய்வு நிறுவனமும், சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பண்டைய உலக வரைபட மையமும். அடித்தளம், 2000-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட, பண்டைய கிரேக்க-ரோமானிய உலகின் வரைபட நூலான பாரிங்டன் அட்லஸ். அந்த அட்லஸின் தரவை எடுத்து, திருத்தி, சேர்த்து இன்று 40,000-க்கும் மேற்பட்ட இடங்களாக வளர்த்திருக்கிறார்கள். படிக்கப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பெயர் சொல்லி நன்றி காட்டினால் தரவை எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் எல்லாம் கிடைக்கிறது. இடைமுகம் முழுக்க ஆங்கிலம்.

ஒவ்வொரு இடத்துக்கும் மாறாத ஓர் எண் உண்டு. ரோம் நகரத்தின் எண் 423025. பெயர் பத்து விதமாக எழுதப்பட்டாலும் எண் ஒன்றே. கட்டுரையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் இந்த எண்ணைக் குறித்துவிட்டால், எந்தக் கொல்கிஸ், எந்த அலெக்சாந்திரியா என்ற சண்டைக்கே இடமில்லை.

ஒரு பதிவைத் திறந்தால் இடம், அமைவிடம், பெயர் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கும். இந்தப் பிரிப்புதான் தளத்தின் பெரிய பலம். ‘இடம்’ என்பது ஓர் ஊரைப் பற்றிய கருத்து. ‘அமைவிடம்’ அது மண்ணில் எங்கே என்பது. ‘பெயர்’ நூல்களிலும் கல்வெட்டுகளிலும் கண்ட ஒவ்வொரு வடிவமும். பெயர் மட்டும் தெரிந்து அமைவிடம் தெரியாத ஊர் உண்டு. தோண்டி எடுத்த ஊருக்குப் பழம்பெயர் தெரியாமல் இருப்பதும் உண்டு. பெயர்ப் பதிவைச் சொடுக்கினால் மொழி, மூல எழுத்தில் உள்ள வடிவம், வழங்கிய காலம், அந்தப் பெயருக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு உறுதியா ஐயமா என்பதெல்லாம் கிடைக்கும். முதல் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த உள்பக்கத்தைத் திறப்பதே இல்லை. சரக்கு இருப்பது இங்கேதான்.

காலப் பகுப்பையும் கவனியுங்கள். ரோமானியக் காலம் என்று தளம் சொல்வது கி.மு. 30 முதல் கி.பி. 300 வரை, பின்பழங்காலம் 300 முதல் 640 வரை. ஒரு பெயர் ரோமானியக் காலத்தில் மட்டும் பதிவாகியிருந்தால், அதைக் காட்டி கி.மு. மூன்றாம் நூற்றாண்டைப் பற்றிப் பேச முடியாது.

இனி வேற்றுமை. தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. ‘ராமநாதபுரத்தில்’ என்று தேடினால் ‘ராமநாதபுரம்’ அகப்படாது. கல்வெட்டில் ‘நாட்டு’ என்று இருப்பதை ‘நாடு’ என்று தலைச்சொல்லாக்கிய பிறகே ஊர்ப்பட்டியலில் தேடுகிறோம். லத்தீனிலும் வேலை அதேதான், ஈறுகள்தான் வேறு. (கீழே ‘-உம்’ என்று முடியும் பெயர்களில் அது லத்தீன் ஈறு, தமிழ் உம்மை அல்ல.)

ஊர், சிறு தீவு ஆகியவற்றின் பெயருக்கு லத்தீனில் ஒரு தனிச் சலுகை உண்டு: இடப்பொருளில் வரும்போது முன்னிடைச்சொல் வேண்டாம். ‘ரோமா’ ரோம், ‘ரோமை’ ரோமில், ‘ரோமாம்’ ரோமுக்கு, நெடில் ஆகாரத்தோடு ‘ரோமா’ ரோமிலிருந்து. நாடு, பெருந்தீவு ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. சிசிலியில் என்று சொல்ல ‘இன் சிகிலியா’ என்று முன்னிடைச்சொல் போட்டாக வேண்டும். ஆகவே ஒரு பெயர் தனியாக நிற்கிறதா, ‘இன்’ சேர்ந்து நிற்கிறதா என்பதே, எழுதியவர் அதை ஊராகக் கருதினாரா, நாடாகக் கருதினாரா என்பதற்கு ஒரு தடயம். ஊர்ப்பெயர் முன் ‘அத்’ வந்தால் பெரும்பாலும் ஊருக்குப் பக்கத்தில் என்று பொருள், ஊருக்குள் என்றல்ல.

எங்கே இடறும் என்றால் பன்மைப் பெயர்களில். லத்தீனில் ஊர்ப்பெயர் பலவும் பன்மையாகவே வழங்குபவை: அத்தேனை (ஏதென்ஸ்), சிராகூசை, தெல்ஃபி, காதேஸ். பன்மையில் இட வேற்றுமைக்கும் நீங்கல் வேற்றுமைக்கும் வடிவம் ஒன்றே. ‘அத்தேனிஸ்’ என்றால் ஏதென்ஸிலும் ஆகலாம், ஏதென்ஸிலிருந்தும் ஆகலாம். தமிழில் ‘இல்’ ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் பொதுவாக இருப்பது போலத்தான். வினையைப் பார்த்தே பொருள் முடிவாகும்.

தேடலுக்கு முன் செய்ய வேண்டியது இதுதான்: ஈற்றைப் பார்த்து, சாத்தியமான தலைச்சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘-ஆம்’ என்று முடிந்தால் ‘-ஆ’. ‘-ஆஸ்’ என்று முடிந்தால் பன்மை ‘-ஐ’: அத்தேனாஸ், அத்தேனை. ‘-ஓ’ என்று முடிந்தால் ‘-உஸ்’ அல்லது ‘-உம்’: கொரிந்தோ என்பதற்குக் கொரிந்துஸ், தாரெந்தோ என்பதற்குத் தாரெந்தும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார்த்தாகோ, நார்போ, சுல்மோ ஆகியவை எழுவாயிலேயே ‘-ஓ’ என்று முடிபவை. அவற்றைக் ‘கார்த்தாகுஸ்’ என்று திருத்தினால் ஒன்றும் வராது. அவற்றின் பிற வேற்றுமைகள் ‘-இனே’, ‘-இனி’, ‘-இனெம்’ அல்லது ‘-ஓனே’, ‘-ஓனெம்’ என்று வரும். ‘-இபுஸ்’ என்று முடிந்தால் ‘-ஏஸ்’: காதிபுஸ், காதேஸ். எல்லாவற்றிலும் தொல்லை கொடுப்பது ‘-இஸ்’. அது ‘-ஐ’ பன்மையிலிருந்தும் வரலாம் (அத்தேனை), ‘-ஈ’ பன்மையிலிருந்தும் வரலாம் (தெல்ஃபி), ‘-ஆ’ பன்மையிலிருந்தும் வரலாம் (லெவுக்த்ரா). போதாததற்கு, முசிரிஸ் (முசிறி) போல எழுவாயாகவும் இருக்கலாம். நான்கையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

தலைச்சொல்லை உறுதி செய்ய, சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகெயோன் தளத்தில் 1879-இல் வந்த லூயிஸ்-ஷார்ட் லத்தீன் அகராதி இலவசமாக இருக்கிறது. ஊர்ப்பெயரின் எழுவாய், ஆறாம் வேற்றுமை ஈறு, பால், அதிலிருந்து பிறக்கும் உரிச்சொல் ஆகியவற்றை ஒரே வரியில் தரும். பாலைப் பார்க்காமல் விடாதீர்கள். கொரிந்துஸ், ரோதுஸ் போல ‘-உஸ்’ ஈற்றுக் கிரேக்க ஊர்ப்பெயர்கள் ஆண்பால் போலத் தெரிந்தாலும் பெண்பால். கண்காட்சிப் பலகைக்கு லத்தீனில் தலைப்பு எழுதுகிறவர்கள் அடைமொழியைத் தவறாகச் சேர்ப்பது இங்கேதான்.

இப்போது நம் கடற்கரைப் பெயர் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பியூட்டிங்கர் வரைபடம் என்பது சுமார் 6.75 மீட்டர் நீளமும் 34 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தோல் சுருள். ரோமானியக் காலப் பாதை வரைபடத்தைப் பார்த்து 1200-ஐ ஒட்டி எழுதிய நகல். இன்று வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் 11 துண்டுகளாக இருக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தில், முசிரிஸும் அகஸ்டஸ் கோயிலும் இருக்கும் பகுதியில், ‘கொல்கிஸ் இந்தோரும்’ என்று ஓர் ஊர். கொற்கை என்று கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள்.

பெயரைப் பிரிப்போம். ‘இந்தோரும்’ ஆறாம் வேற்றுமைப் பன்மை: இந்தியர்களுடைய. இதில் சிக்கல் இல்லை. ‘கொல்கிஸ்’தான் கேள்வி. செங்கடல் வழிநூலான பெரிப்ளஸ், கிரேக்கத்தில் இந்த ஊரைக் ‘கொல்கோய்’ என்று பன்மையில் எழுதுகிறது. லத்தீனில் அது ‘கொல்கி’ ஆகும். அதன் இட வேற்றுமை ‘கொல்கிஸ்’. பாதை வரைபடங்களிலும் வழிப்பட்டியல்களிலும் ஊர்ப்பெயர்கள் எழுவாயில் நிற்காமல் ‘இன்ன ஊரில்’ என்ற வடிவில் நிற்பது வழக்கம். பிரான்சின் எக்ஸ் நகரத்தின் பெயரே ‘அக்வை’ என்ற எழுவாயிலிருந்து அல்ல, ‘அக்விஸ்’ என்ற வடிவிலிருந்து வந்தது. இத்தாலியின் ரிமினி, ‘அரிமினும்’ என்பதன் ‘அரிமினி’ வடிவம். ஆகவே ‘கொல்கிஸ் இந்தோரும்’ என்பதை ‘இந்தியர்களின் கொல்கியில்’ என்று படிக்கலாம்.

இன்னொரு வாசிப்பும் உண்டு. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய மேற்கு ஜார்ஜியாவில், கொல்கிஸ் என்றே ஒரு நாடு. கிரேக்கப் புராணத்தில் பொன்னாட்டுத்தோல் இருந்த இடம். எல்லா லத்தீன் எழுத்தருக்கும் தெரிந்த பெயர். அந்த எழுவாய் வடிவம் கையில் ஊறிப்போய், நம் ஊருக்கும் அதையே எழுதிவிட்டிருக்கலாம். எந்த வாசிப்பை எடுத்தாலும் ‘இந்தோரும்’ என்ற சொல் ஏன் வேண்டியிருந்தது என்பது விளங்குகிறது: அந்தக் கொல்கிஸ் அல்ல, இது. தேடுகிறவருக்கும் இதே ஆபத்து. தேடல் பெட்டியில் இந்த எழுத்துகளைப் போட்டால் கருங்கடல் முன்னால் வந்து நிற்க எல்லாக் காரணமும் உண்டு. வரைபடத்தின் எழுத்துக்கூட்டலில் ‘சி’க்குப் பின் ‘எச்’ விடுபட்டிருப்பதையும் கவனித்து, ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும், ‘சி’ போட்டும் ‘கே’ போட்டும் தேடுங்கள். கிடைத்த பதிவின் பிரதிநிதிப் புள்ளி இந்தியாவில் விழுகிறதா என்று பார்த்த பிறகே எண்ணைக் குறியுங்கள்.

இந்த ‘சி’, ‘கே’ விவகாரம் இன்னும் கொஞ்சம் விளக்கத்துக்கு உரியது. நம் கடற்கரைப் பெயர்களில் பெரும்பாலானவை கிரேக்க நூல்களில், அதாவது பெரிப்ளஸிலும் கிரேக்க நிலவியலாளர் தாலமியிடமும்தான் உள்ளன. லத்தீனில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பியூட்டிங்கர் வரைபடம் என்று ஒரு சிலவே. ஒரே பெயரை ஒருவர் கிரேக்க முறையிலும் இன்னொருவர் லத்தீன் முறையிலும் ரோமன் எழுத்தில் எழுதுவார். கிரேக்க ‘கே’, லத்தீனில் ‘சி’ (இங்கே மேற்கோளுக்குள் இருப்பவை ரோமன் எழுத்துகளின் பெயர்கள்). கிரேக்க ‘ஓஎஸ்’, ‘ஓஎன்’ ஈறுகள் லத்தீனில் ‘யூஎஸ்’, ‘யூஎம்’. ‘ஓஐ’ என்பது ‘ஐ’ ஆகும். ‘ஏஐ’ என்பது ‘ஏஇ’ ஆகும். ‘ஓயூ’ என்பது ‘யூ’ ஆகும். மதுரையை ‘ஓயூ’ போட்டும் தேட வேண்டும், ‘யூ’ போட்டும் தேட வேண்டும். தாலமி குறிக்கும் கோரி முனையும் சாலூர் என்ற ஊரும் அப்படியே. கிரேக்க எழுத்துகளை ஒட்டியும் தேடலாம்.

‘அர்காரு’வில் இலக்கணக் கேள்வியே ஒன்று ஒளிந்திருக்கிறது. கொல்கோய்க்கு அப்பால் ‘ஐகியலோஸ்’, அதாவது கடற்கரை நாடு என்ற பகுதியைச் சொல்லி, அதன் உள்நாட்டை ‘அர்காரூ’ என்கிறது பெரிப்ளஸ். முத்தும் மெல்லிய துணியும் கிடைக்கும் இடம் அது. கிரேக்கத்தில் ‘ஓயூ’ என்பது ஆறாம் வேற்றுமை ஒருமை ஈறு. அப்படியானால் பெயர் ‘அர்காரோஸ்’ என்பதா, அல்லது ‘ஊர்’ என்ற தமிழ் ஈற்றைக் கேட்டு எழுதிய மாறாத வடிவமா? தாலமி எழுதும் ‘அர்கெயிரூ’வுக்கும் இதே கேள்வி. உறையூரோடு பொருத்துவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பொருத்தத்தை ஏற்பதோ மறுப்பதோ, ஈற்றை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைத் தளம் உங்களுக்குச் சொல்லித் தராது.

கி.பி. 77-இல் தன் நூலை முடித்த பிளினியிடம் போனால் லத்தீன் நடைக்குள் கிரேக்க ஈறுகள் கலந்து கிடக்கும். மிளகு ஏற்றிய ஒற்றைமரத் தோணிகள் ‘பெகாரேன்’ போகின்றன என்கிறார். ‘-ஏன்’ என்பது கிரேக்க இரண்டாம் வேற்றுமை, தலைச்சொல் ‘பெகாரே’. ‘முசிரிம்’ என்று வருவதற்குத் தலைச்சொல் முசிரிஸ். பெகாரேயை ஆண்டது பாண்டியன். அவன் இருப்பது துறைமுகத்துக்கு வெகு தொலைவில் உள்ள ‘மோதுரா’ என்ற உள்நாட்டு நகரம் என்கிறார். அவர் எழுதும் ‘பாந்தியோன்’ என்ற வடிவத்தை அகராதியில் தேடினால் ஏதென்ஸ் நகரத்துப் புராண மன்னன்தான் வருவான். குழம்ப வேண்டாம், ரோமானியர் காதில் நம் பாண்டியன், தங்களுக்குத் தெரிந்த அந்தப் பெயராக விழுந்திருக்கிறான்.

ராமேசுவரத்துக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய இடம் பிளினியின் ஆறாம் புத்தகத்தில் இலங்கையைப் பற்றி வரும் பகுதி. இலங்கைக்கு மிக அருகில் உள்ள இந்திய முனை ‘கோலியாகும்’. நான்கு நாள் கடற்பயணம். நடுவழியில் சூரியனின் தீவு. அங்கே கடல் மிகப் பச்சையாக இருக்கிறது. அடியில் புதர்போல் மரங்கள். கப்பல்களின் சுக்கான் அவற்றின் கொண்டையை உரசிக்கொண்டு போகிறது. பவளப் பாறையும் கடற்புல்லும் அடர்ந்த பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் அறிந்தவருக்கு இந்த வரி எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். ‘கோலியாகும்’ என்பது பெயர்ச்சொல் அல்ல. ‘முனை’ என்ற அலிப்பால் சொல்லுக்கு அடையாக வந்த உரிச்சொல். ‘கோலிஸ்’ என்ற முனைப்பெயரோடு ‘-ஆகுஸ்’ ஈறு சேர்ந்து, அலிப்பாலுக்கு ஏற்ப ‘-ஆகும்’ ஆகியிருக்கிறது. எனவே கோலிஸ் என்றும் தேடுங்கள்; தாலமியின் கோரி, கல்லிகிகோன் என்றும் தேடுங்கள். ‘சோலிஸ் இன்சுலா’வில் ‘சோலிஸ்’ ஆறாம் வேற்றுமை, சூரியனுடைய. அதைத் தீவின் பெயர் ‘சோலிஸ்’ என்று தமிழில் எழுதுவது தவறு. இந்தத் தீவை ராமேசுவரத்தோடு பொருத்துபவர்கள் உண்டு. பெயரை வைத்து மட்டும் அதை நிறுவ முடியாது.

பெயரின் பிறப்பு பற்றித் தளத்தில் எதிர்பார்க்காதீர்கள். வடிவங்களைத் தரும், வேர் சொல்லாது. இது எங்களுக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் லத்தீன் ஊர்ப்பெயர்கள் பலவும் லத்தீனில் பிறந்தவை அல்ல. எந்த மொழியிலிருந்து எப்படி வந்தன என்று தெரிந்தால்தான் நம் பெயர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். தென்னித்தாலியின் தாரெந்தும் நல்ல பாடம். கிரேக்க எழுவாய் ‘தாராஸ்’. ரோமானியர் கேட்டு எடுத்துக்கொண்டது எழுவாயை அல்ல, ‘தாராந்தா’ என்ற இரண்டாம் வேற்றுமை வடிவத்தை. சிசிலியின் ‘அக்ராகாஸ்’ அதே வழியில் ‘அக்ராகாந்தா’ ஆகி, ‘அக்ரிகெந்தும்’ ஆனது. பெனெவெந்தும் இன்னும் ஒரு படி மேல். பழைய பெயர் ‘மாலெவெந்தும்’. அதில் ‘மாலே’, தீயது, என்ற லத்தீன் சொல் கேட்டதால், கி.மு. 268-இல் குடியேற்றம் அமைத்தபோது ‘பெனே’, நல்லது, என்று மாற்றிவிட்டார்கள். அயல்மொழிப் பெயர் தம் மொழியில் பொருள்படும்படி வளைவது ரோமானியரிடமும் உண்டு என்பதற்கு இது சான்று.

பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் கெல்டிக் பொதுக்கூறுகள் நிறைய: கோட்டைக்கு ‘-தூனும்’, சந்தைவெளிக்கு ‘-மாகுஸ்’, மேட்டு அரணுக்கு ‘-பிரிகா’. நம் பெரியபட்டினம், தேவிபட்டினத்தில் ‘பட்டினம்’ செய்யும் வேலையை இவை செய்கின்றன. லுக்தூனும் இன்றைய லியோன். அகுஸ்தோதூனும் என்பதில் பேரரசர் பெயரும் கெல்டிக் கூறும் கலந்து இன்றைய ஓத்தன் ஆகியிருக்கிறது. லத்தீனிலேயே பிறந்தவை பொதுவாக எளிமையானவை: கி.மு. 122-இல் செக்ஸ்தியுஸ் அமைத்த ‘அக்வை செக்ஸ்தியை’, செக்ஸ்தியுஸின் நீர்நிலைகள். ‘ஃபோரும் யூலி’, யூலியுஸின் சந்தை. ரைனும் மோசலும் கூடும் இடத்தில் ‘கொன்ஃப்லுவெந்தேஸ்’, இன்றைய கோப்லென்ஸ். மக்கள் பெயரிலிருந்து ஊரைத் திரும்பப் பெறவும் ஈறு தெரிய வேண்டும். ‘-ஏன்சிஸ்’, ‘-ஆனுஸ்’, ‘-ஈனுஸ்’, ‘-ஆஸ்’ என்று முடிபவை ஊராரைக் குறிப்பவை. ‘அர்பினாத்தேஸ்’ என்றால் அர்பினும் ஊரார். பிளினி பல இடங்களில் ஊரைச் சொல்லாமல் ஊராரை மட்டும் அடுக்கிக்கொண்டே போவார்.

வரைபடப் புள்ளிக்கு வருவோம். அமைவிடத்தின் துல்லியத்தைத் தளம் ‘துல்லியம்’, ‘தோராயம்’, ‘இடமறியாதது’ என்று பிரித்துச் சொல்கிறது. அட்லஸில் இந்தியா வந்திருப்பது 50 லட்சத்தில் ஒரு பங்கு அளவில். தாளில் ஒரு மில்லிமீட்டர், மண்ணில் 5 கிலோமீட்டர். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள பாம்பன் தீவு அதில் 6 மில்லிமீட்டர்தான். தோராயப் பதிவுகளில் புள்ளி என்பது அட்லஸின் கட்டத்திலிருந்து கணக்கிட்டதாக இருக்கும். புள்ளி மண்டபத்தில் விழுகிறதா, தங்கச்சிமடத்தில் விழுகிறதா என்று வாதிடுவதில் பொருளே இல்லை. தாலமியின் பாகைகளைக் கூகுள் மேப்பில் போட்டுப் பார்ப்பது அதைவிட மோசம். அவர் தொடக்கக் கோடு கனேரித் தீவுகள் பக்கம். ஒரு பாகைக்கு 500 ஸ்தாடியம் (பழங்கிரேக்க நீள அளவு) என்று குறைத்துக் கணக்கிட்டவர். இந்தியத் தீபகற்பத்தைத் தட்டையாக்கி, இலங்கையைப் பல மடங்கு பெருக்கியிருக்கிறார். அவரிடம் எடுத்துக்கொள்ளத் தக்கது ஊர்களின் வரிசை, பாகை அல்ல.

தொண்டிக்காரர்களுக்கு ஒரு சொல். பெரிப்ளஸின் திண்டிஸ் சேரநாட்டுத் தொண்டி. முசிரிஸிலிருந்து 500 ஸ்தாடியம், அதாவது சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், மேற்குக் கரையில் இருந்தது. நம் பாக் நீரிணைத் தொண்டிக்கு அதில் பங்கில்லை. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் பதிவைத் தூக்கிக் கிழக்குக் கரையில் வைக்கக் கூடாது. சாலூரும் அப்படியே: அழகன்குளத்தோடு பொருத்தும் கருத்து உண்டு. எழுதும்போது ‘கருத்து’ என்று எழுதினால் போதும்.

பயன்படுத்துவதில் சில வசதிகள். ஒவ்வொரு பதிவின் கீழும் கேஎம்எல் (வரைபடக் கோப்பு), ஜேசான் (தரவுக் கோப்பு) வடிவங்கள் உண்டு. கேஎம்எல் ஃபைலை இறக்கிக் கூகுள் எர்த்தில் திறந்துவிட்டால், தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் மெலியும் இடத்திலும் கையில் இருக்கும். ஆற்றங்கரை, அழகன்குளம், சேதுக்கரை என்று நடந்து பார்க்கக் குழுவை அழைத்துப் போகிறவர்கள் முந்தின நாளே வேண்டிய பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தரவையும் மொத்தமாக இறக்கும் வழியும் இருக்கிறது. விரிதாளில் திறந்து, ஈறு வாரியாக வடிகட்டித் தேட அதுதான் நல்லது. மேலே சொன்ன ‘-இஸ்’ தொல்லைக்குத் தேடல் பெட்டியைவிட விரிதாள் கைகொடுக்கும்.

மாற்று என்று சொன்னால் டோபோஸ்டெக்ஸ்ட் ஒன்று. அதில் பிளினியின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஊர்ப்பெயர் வாரியாக வரைபடத்தோடு இணைந்திருக்கிறது. பத்தியைப் படித்தபடி ஊரைப் பார்க்க வசதி. கவனம் பெரும்பாலும் கிரேக்க உலகத்தின் மேல். பெயரின் உறுதியை எடைபோட வேண்டுமானால் மறுபடி பிளையடீஸுக்குத்தான் வர வேண்டும். லத்தீன் வடிவத்தைப் பிரித்துக் காட்டும் விட்டேக்கரின் ‘வேர்ட்ஸ்’ என்ற சிறு நிரல், இணையம் இல்லாமலும் கணினியில் ஓடும். ஈற்றைச் சரிபார்க்க நல்லது.

பிழை கண்டால் சும்மா விட வேண்டியதில்லை. கணக்கு ஒன்று தொடங்கி, பதிவில் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆசிரியர் குழு பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியாகும். அனுப்பும்போது பெயர் வேறு, அமைவிடம் வேறு என்று பிரித்து அனுப்புங்கள். அகழாய்வு மேட்டின் ஜிபிஎஸ் அளவு என்றால் அமைவிடம். அதற்கு அகழாய்வு அறிக்கையின் பக்க எண்ணோடு ஆதாரம் வேண்டும். பழம்பெயர் என்றால் எந்த நூல், எந்தப் பகுதி, மூலத்தில் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று குறிப்பில் சொல்ல வேண்டும். பொருத்தம் ஐயத்துக்குரியது என்றால் அந்தப் பெட்டியில் ‘ஐயம்’ என்றே குறியுங்கள். உள்ளூர்ப் பெருமைக்காக ‘உறுதி’ போட்டு அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.